ஓட்டை அடைத்த பீச் டின்

தகரத்தில் ஆணி இறங்கும்போது முதலில் "டொக்" என்று ஒரு சத்தம், அடுத்து மெல்லிய "புஸ்", அப்புறம் டின்னைச் சற்றுச் சாய்த்தால் ஓட்டையின் விளிம்பில் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகு வந்து நிற்கும். அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்புக்கு முன்னால் இரும்புதான் ருசிக்கும். பீச் பழத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், இத்தனை வருடம் கழித்தும் என் நாக்கில் ஊறுவது அந்த இரும்பு கலந்த இனிப்புதான்.

அலோர் காஜாவுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்த அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு "கேட்டு" வைத்திருந்தார்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடிச் சோறுகூட அதைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். அதே காரணத்துக்காகத்தான் டின் சாமான் எதுவானாலும் கொடுக்கும்போதே ஆணி வைத்து ஓட்டை போட்டார்கள். ஓட்டை விழுந்த டின் இரண்டு நாள் தாங்காது, அன்றன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டியதுதான். டின்கள் ஓட்டையோடுதான் செய்யப்படுகின்றன என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். என் புத்திசாலித்தனம் அந்த அளவில்தான் இருந்தது.

எனக்கு நான்கு வயதாயிருக்கும்போதே அம்மா போய்விட்டார். எனக்குத் தலை சீவி, சோறு ஊட்டி, வேண்டியபோது முதுகில் இரண்டு வைத்து வளர்த்தது பத்து வயது மூத்த என் சரசு அக்கா. அவள் பங்களாவில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசானிக்குக் குசினி உதவி. அங்கே மாதத்துக்கு ஒருமுறை பீச் பழத்தைத் தட்டில் பரப்பி, வெண்ணெயும் மாவும் பிசைந்து மேலே உருண்டை உருண்டையாகப் போட்டு அடுப்புப் பெட்டிக்குள் வைப்பார்கள். பழம் கீழே கொதிக்கக் கொதிக்க, மாவு மேலே பொன்னாக வெந்து மூடிக்கொள்ளும். துரைசானி அதைக் "காப்ளர்" என்பாராம். அக்கா அந்தப் பெயரை மதிக்காமல் "போர்வைப் பணியாரம்" என்று வைத்துக்கொண்டாள். ஒருநாள் தனக்குக் கொடுத்த துண்டைத் தின்னாமல் வாழையிலையில் மடித்து எனக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அதைச் செய்து தரச் சொல்லி நான் அவளை விடவில்லை.

எங்கள் வீட்டில் அடுப்புப் பெட்டிக்கு எங்கே போவது? கம்போங் கிராமத்தில் மலாய்க்காரப் பெண்கள் "பாவுலு" கேக் சுடுகிற மாதிரி, கனமான இரும்புச் சட்டியைக் கரியடுப்பில் ஏற்றித் தகர மூடி போட்டு, மூடிமேலும் கொட்டாங்கச்சி நெருப்பைப் பரப்பினாள். பீச்சுக்குப் பதில் வாழைப்பழம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். "மேலயும் நெருப்பு, கீழயும் நெருப்பு, நடுவுல நாம. நம்ம தோட்டம் மாதிரியே இருக்குல்ல?" என்று சிரிப்பாள். ஓரம் கருகியிருக்கும், நடுவில் மாவு சில சமயம் வேகாமலும் இருக்கும். நான் சட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தின்பேன்.

அப்புறம் அவள் போய்விட்டாள். ரப்பர் ஷீட் ஏற்ற வரும் லாரியின் டிரைவரைக் கட்டிக்கொண்டு, புக்கிட் காத்தில் என்ற ஊருக்கு. அப்பாவைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அப்பா அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவ இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது." பிறகு ஒரு வருடம் அக்காவின் பெயரே வீட்டில் எழவில்லை. தலை பின்னத் தெரியாமல் நான் முடியை அள்ளி முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கும் ஏக்கத்துக்கும் அளவே இல்லை.

நிலைமை மோசமாகி, துரைசானி கப்பலேறப் புறப்பட்ட வாரம், பங்களாப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டு ஒரு பீச் டின்னைக் கையில் கொடுத்து, "சரசு, சரசு" என்று இரண்டு முறை சொன்னார். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரர், மாமா என்ற பொருளில் நாங்கள் "பாச்சேக்" என்று கூப்பிடுகிறவர், எங்களுக்கெல்லாம் தெரிந்தவர்தான். ஆனாலும் ஆணியை எடுத்தார். "டொக்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹரி இனி மக்கான் ஹாபிஸ், ஜாங்கான் சிம்பான்" என்றார். இன்றைக்கே தின்றுவிடு, எடுத்து வைக்காதே என்று அர்த்தம்.

எடுத்து வைக்காமல் எப்படி இருப்பேன்? இந்த டின் இருந்தால் அக்கா வருவாள் என்று என் மனது முடிவு கட்டிவிட்டது. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் ஒரு தபால் கார்டு வாங்கி, என் கோழிக் கிறுக்கலில் எழுதினேன்: "அக்கா, துரைசானி உனக்குப் பீச் டின் கொடுத்தாங்க. ஓட்டை போட்டுட்டாங்க, நான் பால் வச்சு அடைச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வா." எழுதியபடியே அப்பாவின் வாளியில் மிச்சமிருந்த ரப்பர் பாலை விரலால் தொட்டு ஓட்டைமேல் ஒரு மொத்தை வைத்தேன். கார்டைத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கிராணியிடமே கொடுத்துவிட்டு, டின்னை விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். அது புதன்கிழமை. அன்றிரவே இரண்டு முறை விறகுக்குப் பின்னால் கைவிட்டு, டின் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் விறகடியில் எறும்பு வரிசை. அப்பா பக்கத்திலேயே இருந்ததால் கிட்டே போகவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால் ஒரு எறும்பைக் காணோம். பால் இறுகிப் பிடித்துக்கொண்டது என்று என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியும்போது லயத்துக்கு வீடு வீடாகச் சோதனை வந்தது. விறகுக் கட்டைகள் சரிந்தன. டின்னைத் திருப்பிப் பார்த்த அதிகாரியின் முகம் மாறியது. ஓட்டையே போடாத டின் என்றால்கூட மறதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். போட்ட ஓட்டையை மெனக்கெட்டு அடைத்து வைத்த டின்னுக்கு என்ன சொல்வது? கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் கேட்டார்: "யாரு அடைச்சது? காட்டுல யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அப்பா, "நான்தாங்க அடைச்சேன்" என்றார். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையின் மடியில் விழுந்து அழுதேன். பிடித்துப் போனவர்களில் சிலர் வருடக்கணக்கில் திரும்பாததையும், சிலரை ஊருக்கே கப்பலேற்றி விட்டதையும் லயத்தில் எல்லாருமே அறிவார்கள். ஒரு பழத்துக்காக அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், ஆனால் கேட்டுக்குள் வரவில்லை. பாச்சேக் நடந்ததைச் சொல்ல, வந்த காலோடு திரும்பி, கிராணியையும் கூட்டிக்கொண்டு அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். கையில் என் கார்டு. டின் பங்களாவில் கொடுத்ததுதான் என்று கிராணி துரையிடம் கேட்டு டெலிபோனில் சொல்ல வைத்தாராம். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அக்கா எனக்குச் சொன்னாள்.

தமிழ்ப் போலீஸ்காரர் கார்டைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்திருக்கிறார். "சின்னப் பொண்ணு, தான் அடைச்சதா எழுதியிருக்கு. நீ உன்னைச் சொல்றே. யாருய்யா அடைச்சது?"

"கார்டு போட்டதைக் கிராணி சொன்னாருங்க. அவ அடைச்சது ஒழுகிச்சு. எறும்பு வந்திருச்சு. துணியைப் பால்ல முக்கி, மூணு தடவை போட்டு, அடுப்புச் சூட்டுல காய வச்சு நான்தாங்க மறுபடி அடைச்சேன்."

"எதுக்கு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: "பெரியவ வர்றதுக்குள்ள கெட்டுப் போயிடக் கூடாதுங்களே."

அக்கா அவருக்கு எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

கண்டித்து எச்சரித்து அன்றைக்கே விட்டுவிட்டார்கள். டின்னை மட்டும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்ததும் அப்பா, "லாரிக்காரன் ஒன்ன நல்லா வச்சிருக்கானா?" என்று கேட்டிருக்கிறார். "அவருக்குப் பேர் இருக்குப்பா" என்றாளாம் அக்கா. வாசற்படி வந்ததும் அவள் தயங்கி நின்றதை நான் பார்த்தேன். அப்பா திரும்பிப் பாராமலே, "உள்ள வா லா, எதுக்கு நிக்கிறே" என்றார்.

அன்று அக்கா அஞ்சலை அத்தை கொடுத்த அன்னாசியை நறுக்கி, கூப்பன் சர்க்கரையில் எங்கள் வாரப் பங்கு முழுவதையும் போட்டுக் கிளறிச் சட்டியில் பரப்பினாள். மாவைப் பிசைந்து உருண்டைகளாக்கி மேலே வைத்தாள். நான் கொட்டாங்கச்சி நெருப்பை மூடிமேல் அடுக்கினேன். அன்னாசி கொதித்து மாவைப் பிளந்துகொண்டு ஓரங்களில் பொங்கிற்று, மணம் அடுத்த வீட்டையும் தாண்டிப் போனது. அப்பா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தின்றார். அவர் ஆயுளில் பீச் பழத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை, அடைத்த டின்னின் வெளித்தாளில் இருந்த படத்தைத் தவிர.

"பீச்சுன்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"இதவிட நல்லா இருக்காதுப்பா" என்றாள் அக்கா.

இப்போது நானும் புக்கிட் காத்திலில்தான் இருக்கிறேன். வேலி போயிற்று, லயம் போயிற்று, தோட்டம் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அப்பாவும் அக்காவும் போய் வெகுகாலமாகிறது. வளையத்தை இழுத்தால் டின் திறந்துகொள்கிறது, பொத்தானைத் தட்டினால் அடுப்புப் பெட்டி மேலும் கீழும் தானாகவே சூடாகிறது. நான் பீச் போட்டு எத்தனையோ தடவை சுட்டாயிற்று. பேரப் பிள்ளைகள் தட்டை வழித்து நக்குகிறார்கள். அக்கா சொன்னது சரிதான், அன்னாசியைவிட நன்றாக இல்லை.

அலமாரியின் பின்வரிசையில் எப்போதும் ஒரு பீச் டின்னைத் திறக்காமல் வைத்திருப்பேன். போன மாதம் என் மருமகள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அத்தை, இது டேட் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு லா. யாருக்கு வச்சிருக்கீங்க?" அவள் அதைக் குப்பையில் போட்டாள். போட வேண்டியதுதான், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்து அதே இடத்தில் வைத்தேன். வர வேண்டியவர்கள் யாரும் இனிமேல் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரவு படுக்கப் போகுமுன், விறகுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்த அந்தப் பழக்கத்தில், அலமாரிக்குள் கைவிட்டு டின்னின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். வழவழவென்று, எங்கும் ஓட்டையில்லாமல் இருக்கிறது.