மிருகக்காட்சிச்சாலைக்குத்தான் போறம்

கொழும்புக்கு மூண்டு நாள் போய்வர ஒரு மனிசிக்கு இவ்வளவு பொய் தேவையோ எண்டு நீங்கள் கேட்கலாம். எனக்குத் தேவைப்பட்டது. என்ரை பங்கை முதலிலை சொல்லிப்போட்டு மற்ற ஆக்களின்ரை பங்குக்கு வாறன்.

மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு நாலு. மாரி மழை நேரம், எங்கடை லிங்கநகர் வீட்டிலை, கதிரையிலை இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் அப்பிடியே சரிஞ்சு விழுந்தாள். கை கால் இழுத்தது, வாயாலை நுரை வந்தது. வலிப்பு. நானும் இவரும் மட்டும்தான் கண்டது. ஆசுப்பத்திரியிலை டொக்டர் குளிசை எழுதித் தந்து, கொழும்பிலை தலையிலை வயர் பூட்டி ஒரு சோதனை எடுக்கவேணும் எண்டார். "குடும்பத்திலை வேறை ஆருக்கும் இது இருந்ததோ?" எண்டும் கேட்டார். நான் இல்லை எண்டன். இவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இல்லை எண்டார்.

வெளியிலை வந்து ஓட்டோவிலை ஏறின உடனை நான் சொன்ன முதல் கதை, "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" எண்டதுதான். பெட்டைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை, அந்தப் பிள்ளைக்கு வலிப்பெல்லோ எண்டு ஆரோ ஒருத்தி வாயைத் திறந்தால் காணும். பல்லு விழுந்து முளைக்கிற வயசுப் பிள்ளைக்கு நான் கலியாணம் பேசத் தொடங்கியிட்டன், விசரி! பள்ளிக்கூடத்திலை ரீச்சருக்குக்கூடச் சொல்லேல்லை. குளிசையை விட்டமின் போத்திலுக்குள்ளை மாத்தி வைச்சன்.

சோதனைக்குத் திகதி கிடைச்ச உடனை அதைச் சுத்தி ஒரு சுற்றுலாவைக் கட்டினன். முதல் நாள் காலமை ரெயில், வெள்ளவத்தையிலை ஒரு அறை. ரெண்டாம் நாள் காலமை சோதனை, பின்னேரம் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. மூண்டாம் நாள் காலிமுகத்திடலிலை பட்டம் விட்டிட்டு வீட்டை வாறது. சின்னவன் ரெயிலிலை சத்தி எடுப்பான், அதுக்குத் தேசிக்காய், ஷொப்பிங் பாக், மூண்டு காற்சட்டை. சோதனைக்குப் போற பிள்ளை தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது எண்டு சொல்லியிருந்தவை. அதையும் கொப்பியிலை எழுதி, ஆரும் வாசிச்சிடுவினம் எண்டு பிறகு வெட்டிவிட்டன்.

மகளுக்குப் பாடமாக்கிக் குடுத்தன்.

"மாமி கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"மிருகக்காட்சிச்சாலைக்குத்தான் போறம்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

பிழைக்காமல் சொன்னால் ஒரு டொபி. அவள் கையை நீட்டுவாள், நான் வைப்பன். வலிப்பு வரமுதல் மூக்குக்குள்ளை ரப்பர் எரியிற மாதிரி மணந்தது எண்டு அவள் சொன்னவள். அதுக்கும் ஒரு பாடம் வைச்சிருந்தன். மணந்தால் சத்தம் போடாதை. சனம் நிண்டால் உள்ளுக்குப் போயிடு, ஒருத்தரும் பார்க்கக்கூடாது. அதைச் சரியாச் சொன்னாலும் டொபிதான். என்ரை பிள்ளை கெட்டிக்காரி, ரெண்டு நாளிலை ரெண்டு பாடமும் தண்ணியாச்சு.

மாமி எண்டது இவரின்ரை அக்கா, எனக்கு மச்சாள், ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா. சின்னவன் ஓடிப்போய் ஒட்டகச்சிவிங்கி பார்க்கப் போறம் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டான். அண்டு பின்னேரமே மச்சாள் வந்து நிண்டா.

"எங்கடை ரவுணிலை நடுரோட்டிலை மான் நிண்டு மறிக்குது, உங்களுக்கு மிருகம் பார்க்கக் கொழும்புக்குப் போகவேணுமாமோ?" எண்டு சிரிச்சா. சிரிச்சுப்போட்டு, "என்ரை சின்னவளும் ஒண்டும் காணேல்லை. நாங்களும் வாறம்" எண்டா.

ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? சும்மா ஊர் பார்க்கப் போறவைக்கு ரெண்டு பேர் கூட வந்தால் என்ன? "ஓம் மச்சாள், வாங்கோ, நல்ல சந்தோசம்" எண்டன். பிறகு இவரோடை சண்டை பிடிச்சன். துறைமுகத்திலை இருந்து களைச்சு வந்த மனிசன், "அக்காவுக்குச் சொன்னால் என்ன?" எண்டு மெல்லமாக் கேட்டார். "உங்களுக்கென்ன, நீங்கள் ஆம்பிளை" எண்டு பாய்ஞ்சன். அவர் எழும்பிக் கால் கழுவப் போயிட்டார். கடைசியிலை, மச்சாளும் பிள்ளையளும் கடையளைப் பார்த்துக்கொண்டிருக்க, மகளை மட்டும் இவர் ஒரு சிநேகிதர் வீட்டை கூட்டிக்கொண்டு போறதெண்டு முடிவாச்சு. இன்னொரு பொய், இன்னொரு டொபி.

வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் பின்னேரம் மச்சாள் தன்ரை உடுப்புப் பாக்கையும் மகளையும் கொண்டு வந்திட்டா. இவர் இன்னும் வேலையாலை வரேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் குசினியிலை ரெயிலுக்குப் பயத்தம் உருண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டம். பிள்ளையள் மூண்டும் வெளியறையிலை உடுப்பு அடுக்கிச்சினம். "என்ன, பெட்டைக்குத் தலை பறக்குது? எண்ணெயைக் கொண்டாரும், நான் வைச்சு இழுத்துவிடுறன்" எண்டா மச்சாள். "தடிமன் மச்சாள், மூக்கு ஓடுது" எண்டன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்கைதான் மகள் எங்களைக் கடந்து பாத்ரூமுக்குப் போனாள். போகேக்கை ஒருக்கா என்னைப் பார்த்தவள். நான் எண்ணெய்க் கதையை மாத்திற அவசரத்திலை நிண்டன். உள்ளுக்குக் கதவுக் கொண்டி போட்ட சத்தம் கேட்டது.

பிறகு வாளி உருண்டது. பிறகு கதவிலை டக்கு டக்கெண்டு இடி.

ஐயோ, நான் கத்தினது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கதவைத் தள்ளினன், அசையேல்லை. மச்சாள் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து கொண்டியடியிலை இடிச்சா. மூண்டாம் இடிக்குத்தான் உடைஞ்சது. நெத்தி வெடிச்சு ரத்தம். வாய் தண்ணிக் கிடாரத்தின்ரை விளிம்பிலை கிடந்தது. ஒரு சாண் அங்காலை விழுந்திருந்தால் முகம் தண்ணிக்குள்ளை.

மச்சாள் ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. பிள்ளையை இழுத்து ஒருக்களிச்சுக் கிடத்தினா, கழுத்துப் பொத்தானைக் கழட்டினா, இழுப்பு எவ்வளவு நேரம் எண்டு கை மணிக்கூட்டைப் பார்த்தா. கையிலை குடுக்கத் திறப்பைக் கொண்டா, இரும்பைக் கொண்டா எண்டு ஒரு ஆர்ப்பாட்டமும் இல்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டன்.

"தம்பிக்கும் வந்தது தானே. பத்து வயசு மட்டும். நான்தான் பிடிக்கிறனான்." சொல்லிப்போட்டு என்ரை முகத்தைப் பார்த்தா. "உமக்குச் சொல்லேல்லையே? அம்மா சத்தியம் வாங்கினவ, கலியாணம் குழம்பும் எண்டு."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இல்லை எண்ட மனிசன்! அந்த நேரம் கையிலை கிடைச்சிருந்தால் அந்தாளின்ரை கழுத்தைத் திருகியிருப்பன். டொக்டர் வாய் திறந்து கேட்டவர் எல்லே? பிறகு, நான் எந்த முகத்தோடை அந்தாளைக் கேக்கிறது எண்டு நினைச்சுப்போட்டு, ஓடிப்போய்த் துவாய் எடுத்துக்கொண்டு வந்தன்.

இழுப்பு நிண்டது. மச்சாள் பிள்ளையின்ரை தலையைத் தன்ரை மடியிலை வைச்சு, நெத்தியிலை துவாயை அமத்திப் பிடிச்சா. ஒழுங்கை முனையிலை ஓட்டோ ஒண்டைக் கூப்பிட அவவின்ரை மகள் ஓடினாள். ஓட்டோ வரமுதல் என்ரை பிள்ளை கண்ணைத் திறந்து, முன்னாலை இருந்த என்னை மட்டும் கண்டாள்.

"அம்மா, மாமி காணேல்லைத் தானே?"

மச்சாள் மற்றக் கையாலை தன்ரை வாயைப் பொத்தினா.

"இல்லையம்மா" எண்டன்.

"கொண்டியும் போட்டனான்" எண்டு சொல்லி, டொபிக்குக் கையை நீட்டினாள்.