காப்பி மேல் ஏறிய கார்

ஒரு தடவை ஏற்றியதோடு நிறுத்தியிருந்தால், 'தெரியாமல் ஏறிவிட்டது' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என் கணவர் காரை ரிவர்ஸ் எடுத்து, மறுபடியும் ஏற்றினார். அதுதான் வினையாகப் போய்விட்டது...

போன வாரம், பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு மலைச்சாலை வளைவில் நடந்தது இது. எதன் மேல் ஏற்றினார் என்கிறீர்களா? இருங்கள், முதலில் நாங்கள் மலை ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவருமே ரிட்டயர்டு. அவர் சர்வேயர், நான் லைப்ரரியன். டெல்டாவில், குத்தாலம் பக்கம் நாலு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில், 'குளிர்காலத்தில் ஒரு தடவை மலைக்குப் போகலாம், மேகம் தரைக்கு இறங்கி வருமாம், பார்க்கணும்' என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? பதில் எப்போதும் ஒன்றுதான்.

"சம்பா நிக்குதே!"

கதிர் பழுத்து நிற்கும்போது மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் சம்பா வருஷா வருஷம் நிற்கிறது... நானும்தான் நிற்கிறேன்!

இந்தத் தை மாசம்தான் மனசு இரங்கினார். அறுவடை மெஷின் வர எட்டு நாள் இருந்தது. வயலைத் தம்பி செல்வத்திடம் ஒப்படைத்தார். எனக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"வானம் இருண்டுச்சுன்னா, எங்க இருந்தாலும் வண்டியைத் திருப்பிடுவேன். அப்புறம் நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

டீ குடிக்க நிறுத்திய ஒவ்வொரு கடையிலும் போனில் மேகப் படம் பார்த்தார். பிறகு செல்வத்துக்குப் போன். "அங்க எப்படிடா?" "வெயில்தாண்ணே." அரை மணி கழித்து மறுபடியும் போன். வெயில் அதற்குள் எங்கே போய்விடும்?

திண்டுக்கல் தாண்டி ஒரு கிராமத்தில், ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் உளுந்தை இப்படித்தான் போடுவோம். போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறி, மணி தானாக உதிர்ந்துவிடும். இவருக்குக் குஷி. நிதானமாக, ஒரு செடி விடாமல் ஏற்றினார். ஓரமாக நின்ற பெரியவர் கையை உயர்த்தி வாழ்த்தினார். "பார்த்தியா, நம்ம டயரால ஒருத்தருக்கு உபகாரம்" என்று அடுத்த பத்து கிலோமீட்டருக்கு அதே பெருமை.

அப்புறம் மலை. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஏறினார். ஏறி முடிக்கும்வரை இரண்டாவது கியர், எல்லா வளைவிலும் ஹாரன். பின்னால் ஒரு பஸ், இரண்டு ஜீப், ஒரு பால் வண்டி... ஊர்வலம் போனோம்.

அந்த ஊர்வலம் எங்களை முந்திப் போன பிறகுதான் அந்த வளைவு வந்தது. பாதி ரோட்டில் தார்ப்பாய். அதன் மேல் தோலோடு கறுத்த சிவப்பில் ஏதோ காய்கள்.

"தோல் உரியட்டும்னு போட்டிருக்காங்க" என்றார் எங்கள் வீட்டு ஞானி.

முன்னால் ஏற்றினார். திரும்பிப் பார்த்தார். "சரியா உரியலையே..." ரிவர்ஸ்!

மேலே இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். பெயர் பாண்டியம்மாள் என்று பிறகு தெரிந்தது. அப்போது பெயர் கேட்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

"யோவ்! காயப் போட்ட காப்பிப் பழம்யா அது! கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதான்மா ஏத்தினேன்" என்றார் என் கணவர். உலகத்தில் எந்த டிரைவராவது இப்படிச் சொல்வாரா? "எங்க ஊர்ல வண்டி ஏத்திவிட்டா சந்தோஷப்படுவாங்கம்மா..."

"உங்க ஊர்ல காப்பியைக் கார்லதான் அரைப்பீங்களா?"

நான் அவசரமாக பர்ஸைத் திறந்தேன். அவள் துடைப்பத்தாலேயே வேண்டாம் என்றாள். "காசை வச்சு நான் என்ன பண்ண? நசுங்கினது கலந்தா சரக்கை வாங்க மாட்டாங்க. ரெண்டு பேரும் உக்காந்து பொறுக்குங்க. நல்லது தனி, நசுங்கினது தனி."

உட்கார்ந்தோம். நான் பார்க்க வந்த மலை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மூன்று மணி இருக்கும். வெளிச்சம் சட்டென்று குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சரிவில் கருமேகம். அவ்வளவுதான், முப்பத்து நாலு வருஷக் கனவு ஒன்றரை நாளில் முடிந்தது. இதோ, வண்டிச் சாவியைத் தேடப்போகிறார்...

அவர் சாவியைத் தேடவில்லை.

"ஏம்மா, மூடறதுக்கு இன்னொரு பாய் இருக்கா? கொண்டா! வசந்தா, நீ அந்த முனையைப் பிடி!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடந்த பலகையால் பழத்தை நடுவில் கூட்டிக் குவித்தார். பாயை மேலே இழுத்தார். காற்று வரும் பக்கமாகப் பார்த்துக் கல்லை வைத்தார். அதோடு விடவில்லை, வீட்டு வாசலில் காய்ந்த பழத்தையும் குவித்து மூடினார். கடைசிக் கல்லை வைக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

இந்த ஓட்டம் எனக்குப் புதிதில்லை. என் தங்கை கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் களத்து நெல்லை மூட இப்படித்தான் ஓடினார். அதற்காக நான் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் இந்த மலையில்தான் முதல் முறையாகப் பாயின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். நனைந்து, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரு வாரம் பேசியிருக்கலாமே என்று வருத்தமாகவும் இருந்தது.

பாண்டியம்மாள் மூன்று டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள். "சாருக்கு வண்டி ஓட்டத் தெரியல. ஆனா வெள்ளாமை தெரியுது" என்றாள்.

அவர் செல்வத்தைப் போனில் பிடித்தார். அங்கே வெயில். "சரிடா, இனிமே நானா கூப்பிடற வரைக்கும் நீ கூப்பிடாத. இங்க வேலை இருக்கு." என்னிடம் திரும்பினார். "இன்னும் ரெண்டு நாள் இருப்போமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "எனக்காகவாங்க?"

"பழம் நல்லாக் காயலையே..."

இருந்தோம். கீழே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பி பாண்டியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவோம். அவர் காப்பிப் பழம் கிளறினார். நான் படியில் உட்கார்ந்து, மேகம் இறங்கி வந்து எங்கள் காரை மறைப்பதைப் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன்.

ஊர் திரும்பியாகிவிட்டது. எங்கள் நெல்லை மெஷின் அறுத்துக் கொடுத்துவிட்டது. ஆனாலும் இவர் இன்று காலையிலிருந்து நாலாவது தடவையாகப் போனில் மேகப் படம் பார்க்கிறார். எட்டிப் பார்த்தேன், பண்ணைக்காடு!

இத்தனை வருஷமாக எனக்கு நெல் ஒன்றுதான் சக்களத்தி. இப்போது நானே மலைக்குக் கூட்டிப்போய், காப்பி என்ற இன்னொருத்தியையும் அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறேன்!