தேவாலயத்துத் திறப்பு

இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் பராமரிக்கும் முதிய சின்யோரா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்ப்பார். இன்று அங்கிலிக்கன் தேவாலயமொன்றில் அடுத்தடுத்துக் கொலைகள். துப்பறிபவர் முதலில் பிடித்தது தேவாலயத்தைத் துடைக்கும் பெண்ணை. கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவளிடம் இருக்கிறதாம்.

"இவள்தான்," என்றார் சின்யோரா, நான் உரித்துக் கொடுத்த தோடம்பழச் சுளையை மென்றபடி.

திரையில் அவள் பித்தளை மெழுகுதிரித் தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பழப்புளி மணத்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் அங்கிலிக்கன் தேவாலயத்துப் பித்தளைகளை அம்மா சனிக்கிழமைகளில் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவார். ஞாயிறு ஆராதனையிலும் அவர் கை புளி மணக்கும்.

ஒரு ஞாயிறு, திருவிருந்தின் வெள்ளிக் கிண்ணத்தைக் காணவில்லை. சபைப் பெரியவர்கள் இருவர் செருப்போடு எங்கள் குசினிக்குள் வந்து, அரிசிப் பானையை நிலத்தில் கவிழ்த்தார்கள்.

"திறப்பு உன்னட்டைத்தானே இருக்குது?"

"ஓம் ஐயா. போதகரிட்டையும் ஒண்டு இருக்குது," என்றார் அம்மா.

போதகரைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் போதகரே கிண்ணத்தைக் கொண்டுவந்தார். படுக்கையில் கிடந்த ஒருவருக்குத் திருவிருந்து கொடுக்க எடுத்துப்போய், அந்த வீட்டிலேயே மறந்துவிட்டாராம். பெரியவர்கள் சிரித்தார்கள்.

"கிடைச்சிட்டுதுதானே," என்றார்கள் அம்மாவிடம். அவ்வளவுதான். மண் கலந்த அரிசியை நாங்கள் புடைத்துச் சாப்பிட்டோம்.

தொடரின் முடிவில் கொலைகாரர் போதகர்.

"யார் நினைத்திருப்பார்கள்?" என்று வியந்தார் சின்யோரா.

நான் மேலங்கிப் பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உங்கள் வீட்டுத் திறப்பும் என்னிடம்தான் இருக்கிறது, சின்யோரா."

அவர் கடைசிச் சுளையை மெல்லுவதை நிறுத்தினார்.