ஆறு மணிக்கு வரச் சொன்னது யார்?

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவரை எல்லாரும் ‘சரியண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்றால் சரி. லிஃப்டே ஓடாத கட்டடத்தில் உச்சி மாடிவரை சங்கிலியும் கப்பியும் சுமந்துகொண்டு படியேற வேண்டும் என்றால் அதற்கும் சரி. கல்யாணம் பேசியபோதுகூட அக்கா கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாராம். யோசிக்காமல் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்பட்டது என்று மனைவி கேலி செய்வாள்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருடமாக இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள். முன்பெல்லாம் இவர் எட்டு மணிக்குத்தான் வேலை தொடங்குவார் என்பதால், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்க நேரம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அது போயிற்று. மாதக் கூட்டத்தில் சூப்பர்வைசர் எழுந்து, ஆபீஸ்களில் ஆள் வருவதற்குள் வேலையை முடித்தால் நிம்மதி, இனி ஆறு மணிக்கே தொடங்கலாம் என்றார். லிஃப்ட் குழியின் அடியிலிருந்து பேசினால் மொட்டை மாடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சரியண்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து அவள் வருமுன் இவர் கிளம்பிவிடுவார். மதியம் இவர் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்து கிளம்புகிற அவசரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் கட்டவேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துபோகும்.

கூட்டம் என்றாலே ஒரே ஆளின் பிரசங்கமாக இருப்பது முதலாளியம்மாவுக்கு அலுத்துவிட்டது. கூட்டம் நடத்துவதற்கென்றே செய்த ஒரு செயற்கை நுண்ணறிவை வாங்கி வைத்தார். கூட்டத்துக்கு முன்பே அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் செய்து கருத்தைக் கேட்கும். கூட்டத்தன்று மேஜைமேல் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக, யார் சொன்னது என்று காட்டாமல் அவற்றைப் படிக்கும். பிறகு பேச விட்டு ஓட்டெடுக்கும். மெக்கானிக்குகள் அதற்குத் ‘தலைவரம்மா’ என்று பெயர் வைத்தார்கள்.

முதல் தடவை அது கூப்பிட்டபோது சரியண்ணன் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, கூண்டு ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணி வேலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டது.

"எல்லாரும் சொல்றதுதான் எனக்கும்."

"எல்லாரும் சொன்னதை அவங்ககிட்ட கேட்டுக்கிட்டேன். உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவர் எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார். இப்படி விடாமல் யாரும் அவரைக் கேட்டதில்லை. போனை வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் அந்த இருட்டுக் குழியில் கம்பிகளைத் தவிர வேறு யாரும் இல்லை. மெதுவாக ஆரம்பித்தார். தப்பாக நினைக்கக் கூடாது என்றார். மனைவி வருவதற்கு முன்னால் பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்துவிட்டுப் போவதையும், அவள் அதைக் குடித்தாளா என்று மதியம் பிளாஸ்கை ஆட்டிப் பார்ப்பதையும் சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம் என்றார். அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவருக்கே தொண்டை வறண்டுவிட்டது.

"இதைப் பேர் சொல்லாம கூட்டத்துல படிக்கலாமா?" என்று அது கேட்டது.

"சரி" என்றார் பழக்கதோஷத்தில். போன் வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் தலைவரம்மா ஒவ்வொன்றாகப் படித்தது. ஒருவருக்குத் தூக்கம் போதவில்லை. இன்னொருவருக்கு அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது. இரண்டு பேருக்கு மட்டும் ஆறு மணி பிடித்திருந்தது. பிறகு, "தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கி பிளாஸ்க் கதை வந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கம்பெனியில் வாயைத் திறந்தால் முதலில் தப்பா நினைக்காதீங்க என்பவர் ஒருவர்தானே. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சுட்டது.

கடைசியாகப் படித்த கருத்து இப்படி இருந்தது: எனக்கும் ஆறு மணி கஷ்டம்தான், நம்ம மெக்கானிக் பசங்க சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படுவாங்கன்னு நெனச்சு நான்தான் சொன்னேன், யாரும் வேணாம்னு சொல்லல.

அதைச் சொன்னது யார் என்பதும் ஒளிந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். பிடித்திருந்த அந்த இரண்டு பேர் போக, மூன்று வருடம் பன்னிரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் இருட்டில் எழுந்து வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மேஜையே குலுங்கியது. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிடித்தவர்கள் ஆறு மணிக்கு வரட்டும், மற்றவர்கள் எட்டு மணிக்கு வரட்டும் என்று தலைவரம்மா ஒரு வழி சொன்னது. ஓட்டுக்கு விடப் போனபோது சூப்பர்வைசர் கையைக் காட்டித் தடுத்தார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்க வாயால சொல்லுங்க. ஆறு மணி வேணுமா?" என்றார்.

சரியண்ணனுக்கு உதடு வரை பழைய சொல்தான் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"வேணாங்க" என்றார்.

அடுத்த வாரம், ஏழு மணிக்குக் கதவைத் திறந்த மனைவி அடுப்பருகே அவரைக் கண்டு பதறி, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கல."

"நான் கேட்டேன். ஆறு மணி ஒத்துவருமான்னு கேட்டேன். சரின்னுட்டுப் போனீங்க."

அவர் அசடு வழியச் சிரித்தார். டீயை ஆற்றிக் கொடுத்தார். அதன்பிறகு குழியில் பேசியது, கூட்டத்தில் சிரித்தது, சூப்பர்வைசரின் முகம் போன போக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். பாதிக் கதையில் நிமிர்ந்து பார்த்தால், நாற்காலியில் சாய்ந்தபடியே அவள் தூங்கியிருந்தாள். அவள் கையிலிருந்த டம்ளரை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, மீதிக் கதையைக் குரலைக் குறைத்துச் சொல்லி முடித்தார்.