எட்டிப் பார்த்தால் நகராத ஃபைல்

நடை வாத்தியார் என்று அவருக்குப் பெயர் வைத்தவர் அவருடைய மாமனார்தான். பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். ஆராய்ச்சி, வலைப்பின்னல்களில் நடப்பது. நடப்பது என்றால் காலால் இல்லை, காகிதத்தில். சாதாரண நடையன் ஒவ்வொரு முச்சந்தியிலும் காசைச் சுண்டிப்போட்டு, குடிகாரன் மாதிரி அலைவான். குவாண்டம் நடையனோ எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் அலையாகப் பரவுவான். தூரத்தைச் சீக்கிரம் பிடிப்பான். ஆனால் மகா ரோஷக்காரன். அடிக்கடி எட்டிப் பார்த்தால் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடுவான். குடிகாரனுக்கு அந்த வெட்கம் மானமெல்லாம் கிடையாது. யார் பார்த்தாலும் தன் பாட்டுக்குத் தள்ளாடிக்கொண்டு போவான். இதை நிரூபித்துத்தான் வாத்தியார் முனைவர் பட்டமே வாங்கினார்.

அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் நிர்வாகக் கட்டடத்தில் மேசை மேசையாகப் போகவேண்டும். மாதக் கடைசிக்குள் பதிவாளர் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை காலி. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பு முடிந்தால் போதும், முதல் மேசை எழுத்தர் அம்மாளிடம் ஓடிவிடுவார்.

"மேடம், நம்ம ஃபைல் எங்க இருக்குங்க?"

"பார்த்து நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுநாள் போனால், "இங்கதான் சார் இருக்கு." எப்போது போனாலும் இதே பாட்டு.

வீட்டில் மாமனார் விடுவாரா? "என்ன மாப்ளே, உங்க ஃபைலு குடிகாரன் கட்சியா, அலை கட்சியா?"

"குடிகாரன் கட்சிதான் மாமா. பார்த்தா ஒண்ணும் ஆகாது. அதான் தைரியமா தினமும் போய்ப் பார்க்கிறேன்."

கடைசி வாரம் வாத்தியார் பொறுமை போய் அந்த அம்மாளிடம் கத்திவிட்டார். "ஏங்க, அடுத்த மேசைக்கு அனுப்பவே மாட்டீங்களா?"

எழுத்தர் அம்மாளுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "அனுப்பாம என்ன சார்? நான் அனுப்ப அனுப்ப நீங்க வந்து கேக்கறீங்க. கேட்டா, ஃபைலைத் திரும்ப வரவழைச்சுப் பார்த்துத்தான் பதில் சொல்லணும்னு ரூல். அப்புறம் மறுபடி முதல்ல இருந்து அனுப்பணும்."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அடப்பாவி, இதற்குத்தானே பட்டம் வாங்கினோம்! அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. காரணத்தை வீட்டில் சொல்ல வெட்கம். நகத்தைக் கடித்துக்கொண்டு முடங்கிக் கிடந்தார்.

மாதத்தின் கடைசி நாள். அலுவலகம் மூடுகிற நேரம் தாண்டி மாமனார் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"மாப்ளே, நீங்க இப்படிக் கிடக்கறதைப் பார்க்கச் சகிக்கலை. நானே போய் விசாரிச்சுட்டேன். பதிவாளர் மேசைக்கே போயிருச்சாம்! பேனாவைக்கூடத் திறந்துட்டாராம்!"

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் கேட்டேன்ல? நல்ல மனுஷங்க, உடனே கீழ வரவழைச்சுக் கண்ணுல காட்டிட்டாங்க. முதல் மேசையிலயே பத்திரமா இருக்கு."