விறகு நாள்

9.5.2006 — 400
9.11.2006 — 400
9.5.2007 — 800
9.11.2007 — 800
9.5.2008 — 1,200
10.11.2008 — 1,200
11.5.2009 — 1,600
9.11.2009 — 1,600
மொத்தம் — 8,000

எட்டு அபராதமும் ஒரே குற்றத்துக்கு: அனுமதிச் சீட்டு இல்லாமல் வனத்துக்குள் நுழைந்தது. நுழைந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நுழைந்த காரணம், அவருடைய வீடு அதற்குள் இருந்தது.

முப்பத்தொரு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவர் அவர். இனிமேலாவது உட்கார ஓர் இடம் வேண்டும் என்று ஓய்வுப் பணத்தில் ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் சரிவு நிலம் வாங்கி, நடுவில் இரண்டு அறை கட்டிக்கொண்டார். கல்லும் முள்ளும்தான் நிலம். அந்தப் பக்கம் மழை என்பது வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதுவும் வந்த வேகத்தில் சரிவில் இறங்கி, மேல்மண்ணையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடும்.

2000 கோடையில் மண்வள அலுவலகம், சரிவு நிலக்காரர்கள் எல்லோரும் நிலத்துக்குக் குறுக்கே நீளக் குழி வெட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. எல்லோரும் வெட்டினார்கள். அந்த மழையில் தண்ணீர் குழியில் நின்றது. தண்ணீர் நின்ற இடத்தில் எங்கிருந்தோ விதை வந்து விழுந்து வேலங்கன்றுகள் முளைத்தன. அதுவரைக்கும் ஒருவர் மீதும் குற்றம் இல்லை.

வனச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. தானாக முளைத்த மரங்கள் ஐந்து வருடம் நின்றால் அந்த நிலம் வனம், வனம் அரசாங்கத்துடையது. மரம் குறைந்துகொண்டே போகிறதே என்று கவலைப்பட்ட யாரோ நல்லெண்ணத்தோடு எழுதிய வரி. ஒவ்வொரு ஏப்ரலிலும் வனக்காவலர் கணக்கெடுக்க வருவார். ஆகவே மரத்துக்கு ஐந்து வயது முடிவதற்கு முந்தைய மார்ச்சில் ஊரே ஒரு நாள் குறித்து வெட்டித் தள்ளிவிடும். வேரிலிருந்து மறுபடி துளிர்த்தால் புதுக் கணக்கு. அதற்கு விறகு நாள் என்று பெயர். காரணத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது விறகு வெட்டுவது ஆகாது, சட்டத்தை ஏமாற்றுவது ஆகிவிடும்.

2005 மார்ச்சில் மேல் நிலத்துத் தாடிக்காரர் கண்டக்டரிடம் ரம்பம் இரவல் கேட்டு வந்தார்.

"என்ன கண்டக்டரே, நீங்க வெட்டலையா?"

"எங்க வீட்ல காஸ் அடுப்புங்க. விறகை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தாடிக்காரர் ரம்பத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தோடு போனார்.

மறு வருடம் ஏப்ரலில் வனக்காவலர் வந்தார். குழியோரமாக நடந்து எண்ணினார். இருநூற்றுப் பதினாறு மரம்.

"அண்ணே, இது வனம்."

"எது தம்பி?"

"நீங்க நிக்கிறது."

அன்றிலிருந்து உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் உண்டு. சொந்த வீட்டில் சாப்பிட்டுப் படுப்பது ஆராய்ச்சியில் சேராது. கண்டக்டரின் மனைவி வளர்த்த மூன்று கோழிகள் அத்துமீறிய கால்நடை என்று பதிவாயின. சட்டப்படி தினமும் வழக்கு எழுத வேண்டும். காவலர் இரக்கப்பட்டு ஆறு மாதத்துக்கு ஒன்று எழுதினார், வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே.

"எங்க மேல எழுதற கேஸுக்குப் பேனாவும் எங்க பேனாதான், இல்ல தம்பி?" என்பார் கண்டக்டரின் மனைவி.

"என்னுதுல மை தீந்துடுச்சு அக்கா."

குழியை ஒழுங்காகப் பராமரித்ததற்கு மண்வள அலுவலகம் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. நீர்வள அலுவலகம் அவர் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்து, மட்டம் பதினோரு அடி ஏறியிருப்பதாகக் குறித்துக்கொண்டது. வன அலுவலகம் அபராதம் போட்டது. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. மாடிப்படியும் ஒன்றுதான்.

வன அலுவலகத்துப் பெரியவர் ஒருநாள் குரலைத் தணித்துச் சொன்னார்: "மரம் இல்லேன்னா வனம் இல்லீங்க. வெயில் காலத்துல தவறுதலா தீப்பிடிக்கிறது சகஜம்தான்."

வீட்டில் அதை வைத்து விவாதம் நடந்தது.

"பத்த வெச்சுத் தொலைங்களேன். மனுஷன் நிம்மதியா இருக்க வேண்டாமா?"

"கிணத்துல தண்ணி நிக்குதே."

"தண்ணி நிக்குது. கையில காசு நிக்கலையே."

ஆனால் மறுநாள் கண்டக்டர் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, தீப்பெட்டி இருந்த இடத்தில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, இனிமேல் அது தன்னிடமே இருக்கட்டும் என்றார் மனைவி.

2007 ஜூலையில் நீர், மண், வனம் மூன்று சட்டங்களையும் சேர்த்துத் திருத்த ஒரு குழு வந்தது. தலைவர் வயதான அம்மாள், முன்னாள் நீதிபதி. இந்த வட்டாரத்தில் ஐந்து வயதுக்கு மேல் மரமே இல்லையே, ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. ஆடு என்றார் ஒருவர். கரையான் என்றார் இன்னொருவர். நாலு ஏக்கரில் மட்டும் ஆடும் கரையானும் ஏன் நுழையவில்லை என்று பார்க்கக் கண்டக்டர் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

முதல் நாள் மாலை தாடிக்காரர் நாலு பேரோடு வந்தார்.

"நாளைக்கு விறகு நாள்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சு, நாங்க எல்லாரும் காலி. முன்தேதி போட்டு அபராதம் தீட்டிடுவாங்க."

"எனக்கு மட்டும் போட்டா பரவாயில்லையா?"

"உங்களுக்குப் பழகிடுச்சுல்ல."

மறுநாள் குழு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. வாயைத் திறந்தால் ஊர் மாட்டும். திறக்காவிட்டால் வீடு வனமாகவே இருக்கும். கண்டக்டர் தனக்குத் தெரிந்த வழியில் சுற்றிப் போய்ப் பார்த்தார். பாலத்தைத் தாண்டினால் டிக்கெட் விலை ஏறும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது, பயணிகள் எல்லோரும் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தார்கள் என்றார். குறிப்பெடுத்தவர், "இப்பகுதியில் பஸ் வசதி போதவில்லை" என்று எழுதிக்கொண்டார். கண்டக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "இரண்டு பஸ் தேவை" என்று சேர்த்துக்கொண்டார்.

டீயை நீட்டிக்கொண்டே கண்டக்டரின் மனைவி கேட்டார்: "அம்மா, மரம் வளர்ந்தா நிலம் உங்களுது. வெட்டினா எங்களுது. எங்க இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

தலைவர் அம்மாள் ஒரு வாய் குடித்தார். "மூணாவது வருஷமே வெட்டியிருப்பேன்."

குறிப்பெடுத்தவர் பேனாவைத் தூக்கினார். "மேடம், இதை எழுதலாமா?"

"எழுதுங்க. நான் சொன்னதாவே எழுதுங்க. வேற யாரையும் கேட்க வேண்டாம்."

சட்டம் வர இரண்டரை வருடம் ஆயிற்று. அபராதம் தவறாமல் வந்தது. 2009 டிசம்பரில் மூன்று சட்டங்களும் ஒன்றாயின. சொந்த நிலத்தில் முளைத்த மரம், எத்தனை வயதானாலும், நிலக்காரருடையது. குழி பராமரித்தால் தண்ணீர் வரியில் தள்ளுபடி. ஆனால் ஏற்கெனவே வனப் பட்டியலில் ஏறிவிட்ட நிலம் தானாக இறங்காது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கண்டக்டர் 4.1.2010 அன்று விண்ணப்பித்தார்.

அந்த மார்ச்சில் மறுபடி விறகு நாள் முறை வந்தது. அதுதான் கண்டக்டரின் கவலை. போன முறை மேல் நிலத்தில் வெட்டியபோது, அடுத்த மழையில் சேறு இறங்கி அவருடைய குழி பாதி தூர்ந்துபோனது. இன்னொரு முறை அப்படி ஆனால் கிணறு பழையபடி வறண்டுவிடும்.

"இப்பதான் சட்டம் மாறிடுச்சே. வெட்டாதீங்க" என்றார் தாடிக்காரரிடம்.

"உங்க நிலம் பட்டியலை விட்டு எறங்கிடுச்சா?"

"எழுதிப் போட்டிருக்கேன்."

"கடுதாசி வரட்டும். வந்தா வெட்டல. வரலேன்னா முப்பதாம் தேதி வெட்டு."

"சட்டமே சொல்லுதுங்க, கடுதாசி எதுக்கு?"

"பஸ் இப்பக் கிளம்பிடும், இப்பக் கிளம்பிடும்னு நீங்க சொல்லி, எத்தனை நாள் நாங்க உள்ள உக்காந்து வெந்திருப்போம் கண்டக்டரே?"



முப்பதாம் தேதி வரை கடிதம் வரவில்லை. காலையில் மேட்டுப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. மேட்டின் கடைக்கோடி நிலத்துக்காரர் மத்தியானத்துக்குள் அவ்வளவையும் சாய்த்துவிட்டார். தாடிக்காரர் அரிவாளோடு மேலே போனார். ஒன்பது மணிக்கெல்லாம் இறங்கி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"பிடி கழண்டுடுச்சு."

அவருக்கு அடுத்த நிலத்துக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கும் அடுத்தவர், சித்தப்பா தவறிவிட்டார் என்று கிளம்பிப் போனார். சித்தப்பா மறுவாரம் அவர் வீட்டுக்கே வந்து நாலு நாள் தங்கினார்.

"இந்தப் பிடியைச் சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்றார் கண்டக்டர்.

"மழை வரைக்கும் ஆகும். அதுக்குள்ளயும் கடுதாசி வரலேன்னு வைங்க, ஆயுசுக்கும் உங்ககிட்ட பேச மாட்டேன்."

மே பத்தாம் தேதி காவலர் வழக்கு எழுத வந்தார். டீ குடித்தார், பேனாவை வாங்கினார், திருப்பிக் கொடுத்தார். "ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் அண்ணே."

கடிதம் ஒரே பக்கம். நிலம் வனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மரங்கள் நிலக்காரருக்குச் சொந்தம். கட்டிய அபராதம் திருப்பித் தரப்படமாட்டாது. கோழிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. தாடிக்காரர் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இரண்டு தரம் படித்தார், கடைக்கோடி நிலத்துக்காரரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு மேடேறினார். கடிதம் வந்த தேதி 17.5.2010.