ஓசியில் வந்த பூனை

போன வாரம் அடையாறில் ஒரு கால்நடை மருத்துவர் என்னிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்.

"பூனைக்கு என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

"தயிர் சாதம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சின்ன வயதுப் பெண். இந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

"வேற?"

"சில நாள் பருப்பு சாதம். நெய் விட்டு..."

சுண்டு எங்கள் பூனை. குட்டியாக ஓசியில் வந்தவள். கீழ் ஃப்ளாட்காரர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது, "செலவே கிடையாது சார், நீங்க சாப்பிடறதுல ஒரு வாய் போட்டா போதும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் மயிலாப்பூரில் சுத்த சைவக் குடும்பம். நாங்கள் சாப்பிடுவதில் ஒரு வாய் என்றால் வேறு என்ன வரும்? எலி பிடித்துத் தின்னலாம் என்றால் வீடு மூன்றாவது மாடியில்.

கொஞ்ச நாளாகவே அவள் சோர்ந்து படுத்திருந்தாள். மூச்சு வாங்கியது. அதனால்தான் அடையாறு.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு சார்" என்றார் டாக்டர். "பூனைக்கு மாமிசம் இல்லாம முடியாது. மருந்து தரேன். ஆனா மீனோ சிக்கனோ அது சாப்பிட்டே ஆகணும். இல்லேன்னா ரொம்ப நாள் தாங்காது."

தினமும் கையால் பிசைந்து, ஆறவைத்து, ஆசை ஆசையாகப் போட்டதெல்லாம் இதற்குத்தானா?

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து. போன வருடம் என் சொந்த இதயத்தைப் பார்த்தபோது இவ்வளவு செலவு ஆகவில்லை. தவிர எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. சுண்டுவுக்கு நான்தான் இன்ஷூரன்ஸ்.

முதலில் தி.நகரில் பாக்கெட் உணவு வாங்கினேன். உள்ளே மீன்தான். ஆனால் பார்க்க பிஸ்கட் மாதிரி இருந்ததால் என் மனைவி வைதேகி ஆட்சேபிக்கவில்லை. சுண்டு ஆட்சேபித்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு ருசி வாங்கினேன். அதற்கும் அதே மரியாதைதான். எல்லாவற்றையும் தெருப் பூனைகள் சாப்பிட்டன... இப்போது அவை என்னைக் கண்டால் எழுந்து நிற்கின்றன.

ஆக, நிஜ மீன்.

"மீனெல்லாம் ஆத்துக்குள்ள வரப்படாது" என்றாள் வைதேகி.

"பால்கனி?"

யோசித்தாள். "பால்கனி ஆகாசம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஆகாசத்தில் சமைப்பதற்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, நீளமான ஒயர், வாசனை உள்ளே வராமலிருக்க ஒரு கனத்த திரை, அப்படியும் வந்தால் கொளுத்த சாம்பிராணி. இன்னும் மீன் வாங்கவில்லை என்பதை கவனிக்கவும்! பிராணிக்காக ஆகும் செலவு கம்மிதான். அதற்காக நாம் மாற வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான் காசு கரைகிறது.

மறுநாள் காலை மாஸ்க் போட்டுக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன். ஒரு மீன்காரம்மா முன்னால் போய் நின்றேன்.

"இன்னா சார் வோணும்?"

"பூனைக்கு..." என்று இழுத்தேன்.

"மயிலாப்பூர்லேந்து வர்ற சாருங்க அல்லாரும் பூனைக்குன்னுதான் சார் கேக்கறாங்க" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். "வஞ்சிரம் கீது. எட்த்துக்கினு போ. உன் பூனைக்கு சோக்கா இருக்கும்."

கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுகிறவன் நான். அங்கே வாயே திறக்கவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? அந்தம்மா கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, மீனோடு ஆட்டோவில் ஏறினேன்.

யூடியூப் பார்த்து, உப்பில்லாமல் வேகவைத்தேன். தட்டில் வைத்தேன். சுண்டு வந்தாள். முகர்ந்தாள். அப்படியே தரையில் படுத்துவிட்டாள். இடுப்பெலும்பு தெரிந்தது. சாயங்காலம் வரை தட்டு அப்படியே இருந்தது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது.

புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இதையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் நின்று வைதேகி பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் தயிர் சாதத்தோடு வந்தாள். பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். தலைப்பை விட்டாள். மீனைக் கையில் எடுத்து, முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, உதிர்த்து, சாதத்தோடு பிசைந்தாள். பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாத கை.

"சாப்பிடுடி தங்கம்..."

சுண்டு அந்தக் கையை முகர்ந்தாள். ஒரு விரலை நக்கினாள். பிறகு கையிலிருந்தே சாப்பிட ஆரம்பித்தாள்.

வைதேகி வெகுநேரம் கை கழுவினாள். கண்ணையும் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன விலை?" என்றாள்.

சொன்னேன்.

"நன்னா ஏமாந்துண்டு வந்திருக்கேள். கத்திரிக்காயே பாத்து வாங்கத் தெரியாது உங்களுக்கு. நாளைக்கு நானும் வரேன்."